ரிப்பன் மாளிகையும் விளையாட்டுக் கல்லும்

மணலைக் குவித்து வீடு கட்டி விளையாடாத குழந்தை நம் நாட்டில் இல்லை. சிறுமியர் கட்டும் அந்த மணல் வீட்டிற்குச் 'சிற்றில்' என்று நம் முன்னோர் அழகிய பெயர் இட்டனர். அதைச் சிதைக்க வரும் குறும்பனைப் பாடுவதற்கென்றே ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்தையும் வகுத்தனர். எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த இராமானுசரைப் பற்றியும் ஒரு செய்தியை வைணவப் பெரியோர் வழிவழியாகக் கூறுவர். தெருமணலில் கோடு கிழித்து, அதுவே கோயில் என்று பாவித்து விளையாடிய சிறுவர்கள், அந்த மணலையே பிரசாதம் என்று அவரிடம் நீட்டினராம். அவரும் அதைப் பணிந்து ஏற்றுக்கொண்டாராம். குழந்தை கட்டும் கட்டடத்தைப் பெரியவர்கள் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அந்த மதிப்பு எனக்கு மிகவும் காலந்தாழ்த்தே வந்தது. அது வந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகின்றேன்.

என் பேரன் ஆறாம் வகுப்பில் படிக்கின்றான். அவன் தந்தை ஒரகடத்தை அடுத்த ஒரு தொழிற்கூடத்தில் பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கின்றார். பிறந்த நாளன்று பேரனுக்கு ஒரு பெட்டி வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் விளையாட்டுக் கற்கள் அதில் இருந்தன. ஐரோப்பிய நகரம் ஒன்றின் பழைய தெருமுனை வீட்டைக் கட்டுவதற்கான கற்கள் அவை. எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல் என்று படிப்படியாகப் படம் காட்டும் புத்தகமும் உடன் இருந்தது. நான்கே நாளில் பையன் கட்டி முடித்தான். மாடமும் சாளரமும் தெருவிளக்குமாக வீடு அழகாகவே இருந்தது.

"இந்த வீடு எந்த ஊரில் உள்ளது?" என்று கேட்டேன். தெரியவில்லை. "நம் சென்னையில் இதுபோன்ற பழைய மாளிகை ஒன்றைச் சொல்" என்றேன். விழித்தான்.

எனக்குச் சினம் வந்தது. "இது கட்டுதல் அன்று, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது போன்ற வேலை" என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் வாடியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். ஜெர்மனி நாட்டில் 1837-ஆம் ஆண்டில் குழந்தைப் பள்ளி தொடங்கிய ஃபிரோபெல் என்னும் பெருமகனார், மரத்தாலான கன சதுரங்களையும் செவ்வகக் கட்டைகளையும் 'கொடைகள்' என்ற பெயரால் குழந்தைகளின் கையில் கொடுத்தார். பகுதியும் முழுமையும், எண்ணும் வடிவும் கைவழியே மனத்தில் பதிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், சிறுவயதில் தம் தாயார் வாங்கித் தந்த அக்கட்டைகளின் பயனை முதுமையிலும் நன்றியுடன் எழுதியிருக்கின்றார். இவற்றையெல்லாம் தேர்வில் எழுதி நான் மதிப்பெண் பெற்றவன். ஆனால் முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் ஒருநாளேனும் ஒரு குழந்தையின் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தேனா? இல்லை. குறை பெட்டியில் இருந்ததா, என்னிடம் இருந்ததா?

மறுநாள் காலை பேரனை அழைத்து, "புத்தகம் இல்லாமல் நம் ஊர் மாளிகை ஒன்றைக் கட்டுவோமா?" என்றேன். ரிப்பன் மாளிகை என்று முடிவு செய்தோம்.

முதலில் கல்லை அறிய வேண்டும் அன்றோ? டென்மார்க் நாட்டில் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஒரு தச்சர் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அந்தத் தொழிலே பின்னர் 'லெகோ' என்று பெயர் பெற்றது. அங்கே 1949 முதல் பிளாஸ்டிக் கற்களும் வார்க்கப்பட்டன. மேலே குமிழும் உள்ளே குழலுமாக ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் இன்றைய அமைப்புக்கு 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அவ்வாண்டில் வார்த்த கல்லும் இவ்வாண்டில் வார்த்த கல்லும் இன்றும் பொருந்தும். "அச்சில் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் கல் ஒன்று இறுகிப் போகும், அல்லது கழன்று விழும்" என்று பேரனின் தந்தை விளக்கினார். ஏ.பி.எஸ். என்னும் அதே வகைப் பிளாஸ்டிக்கில்தான் மோட்டார் காரின் உட்புறப் பாகங்கள் பலவும் வார்க்கப்படுகின்றன என்றும் சொன்னார். தந்தை நாள்தோறும் செய்யும் வேலை இன்னதென்று பையன் அன்றுதான் உணர்ந்தான்.

இனி மாளிகைக்கு வருவோம். சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்குரிய இன்றைய மாளிகைக்கு 1909-இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913-இல் ஹார்டிஞ்சு பிரபு திறந்து வைத்தார். கட்டி முடித்தவர் லோகநாத முதலியார் என்னும் ஒப்பந்தக்காரர். உள்ளாட்சி முறைக்கு இந்நாட்டில் வழிகோலிய ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. மாநகராட்சி தரும் குறிப்பின்படி நீளம் 252 அடி. அகலம் 126 அடி. நடுக்கோபுரத்தின் உயரம் 132 அடி. கடிகாரத்தின் குறுக்களவு 8 அடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேருந்தேறிச் சென்னைக்குச் சென்றோம். சென்ட்ரல் நிலையத்தை அடுத்துப் பால்போல் வெளுத்து நிற்கும் அம்மாளிகையை, எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று நோக்கினோம். பையன் கோபுரத்திற்கு இடப்புறம் இருந்த சாளரங்களை எண்ணிக் குறித்தான். பிறகு வலப்புறத்தை எண்ணினான். இரண்டும் ஒத்திருந்தன. "தாத்தா, பாதியை வரைந்தால் போதும், மறுபாதி தானே வந்துவிடும்" என்றான். சமச்சீர் என்னும் சொல்லை அவனுக்கு நான் கற்பிக்க வேண்டியதாயிற்று. பொருளை அவனே கண்டுகொண்டான்.

வீடு திரும்பிக் கணக்கிட அமர்ந்தோம். அடுத்தடுத்த இரு குமிழ்களின் இடைவெளி 8 மில்லிமீட்டர். கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். உண்மையின் நூற்றில் ஒரு பங்காகக் கட்டுவதென்று கொண்டோம். 252 அடி என்பது 76.8 மீட்டர், நூற்றில் ஒரு பங்கு 76.8 சென்டிமீட்டர். எட்டால் வகுத்தால் சரியாக 96 குமிழ். அகலம் 48 குமிழ். கோபுரம் 42 வரிசை. கடிகாரம் 3 குமிழ். மீதியின்றி வந்த இந்த எண்களைக் கண்டு பையன் கைகொட்டினான். கணக்கு ஆசிரியனாகிய எனக்கும் உள்ளம் குளிர்ந்தது.

மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. ஒரு குமிழ் அகலமும் நான்கு குமிழ் நீளமும் உள்ள கற்களால் வெளிச்சுவரை மட்டும் எழுப்பினாலும் ஒரு வரிசைக்கு 71 கற்கள் வேண்டும். மூன்று மாடிக்குப் பதினெட்டு வரிசை என்று கொண்டால் 1,278 கற்கள். எங்களிடமோ அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. "அளவைப் பாதியாக்கினால் கல்லும் பாதியாகும், அப்போதும் போதாதே" என்று பையன் வருந்தினான். கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னேன். வரிசைக்கு 35 கல், வரிசை ஒன்பது, மொத்தம் 315. பாதியன்று, கால்! நீளமும் பாதி, உயரமும் பாதியானால் பரப்புக் காலாகும் என்பதை நான் எத்தனையோ வகுப்பில் எழுதிப் போட்டிருக்கின்றேன். அதைக் கேட்டு ஒரு பிள்ளையின் கண் அன்றுபோல் விரிந்ததை நான் கண்டதில்லை.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. இருநூற்றில் ஒரு பங்காகச் சுருக்கியதும் கடிகாரம் ஒன்றரைக் குமிழாயிற்று. அரைக்குமிழ்க் கடிகாரத்திற்கு எங்கே போவது? இரண்டு குமிழ் வட்டத்தை வைத்தோம். ஆகவே எங்கள் ரிப்பன் மாளிகையின் கடிகாரம் இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிது. அதைப் பையன் மறைக்கவில்லை. குறிப்பேட்டில் 'பிழை 1' என்று எழுதி வைத்தான். வளைவுச் சாளரங்களுக்கு ஏற்ற வளைந்த கல் இல்லை. கற்களை இருபுறமும் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கி மேலே கூட்டினோம். பழைய கற்கோயில்களில் இடைவெளியை மூடுவதற்குச் சிற்பியர் கையாண்ட முறையும் இதுவே என்று சொன்னேன்.

நான்காவது வரிசையில் ஓர் இடையூறு நேர்ந்தது. கையை வைத்ததும் சுவர் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் பிளந்தது. அவ்வேளையில் எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் வந்தார். என்னிடம் படித்தவர், இப்போது அவரே பேரன் எடுத்தவர். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே, மேல் வரிசையிலும் கல் சேரக்கூடாது. அந்த இடத்தை மேல்கல்லின் நடுவயிறு மூடவேண்டும். செங்கல்லானாலும் பொம்மைக் கல்லானாலும் அதுதான் சட்டம்" என்றார். தாமே தரையில் அமர்ந்து ஒரு வரிசையை மாற்றி வைத்துக் காட்டினார். அதன்பின் சுவர் அசையவில்லை.

மூன்று வாரத்தில் மாளிகை முடிந்தது. முடிந்த அன்று பையன் கேட்டான்: "தாத்தா, நீங்கள் பாடம் சொன்ன பழைய பள்ளிக்கூடத்தையும் இப்படிக் கட்டலாமா? அது எத்தனை அடி?"

எனக்கு விடை தெரியவில்லை.

அன்பர்களே, எங்கள் பகுதி விரைந்து மாறிய பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. அதற்குப் பின்னர் ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் பெருகின, சாலைகள் அகன்றன. அவற்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. என் குடும்பமும் அந்த உப்பைத் தின்கின்றது. ஆகவே நான் குறைகூற வரவில்லை. ஆயினும், சாலை அகன்றபோது, நான் இளமையில் பணிபுரிந்த ஓட்டுக் கட்டடப் பள்ளி இடிக்கப்பட்டது. சுண்ணாம்புச் சுவரும் மங்களூர் ஓடும் வேப்பமரமும் ஒரே நாளில் மறைந்தன. அதன் வரைபடம் எங்கும் இல்லை. பழைய மாணவர்களிடம் கேட்டேன். சாளரம் நான்கு என்றார் ஒருவர். ஆறு என்றார் மற்றொருவர். ஆண்டுதோறும் எடுத்த குழுப் படங்களைத் தேடி எடுத்தோம். எல்லாப் படங்களிலும் நாங்கள் இருந்தோம். பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. எங்கள் தலைகளுக்கு மேல் ஒரு சாண் சுவர் தெரிந்தது, அவ்வளவே.

இந்தச் செய்தி அந்தக் கொத்தனார் காதுக்கு எட்டியது. வந்தார். "ஐயா, பெரிய வகுப்பறை 24 அடிக்கு 16 அடி. பரப்பு 384 சதுர அடி" என்றார். "எப்படித் தெரியும்?" என்றேன். "நீங்கள்தானே கயிறு கொடுத்து எங்களை அளக்கச் சொன்னீர்கள்! நான் 348 என்று மாற்றி எழுதிவிட்டேன். மறுபடியும் கயிறு பிடிக்கச் சொன்னீர்கள். வடக்குச் சுவரில் சாளரம் மூன்று. மூன்றின் கம்பியிலும் கயிறு மாட்டிக்கொண்டது. அதை எப்படி மறப்பேன்?" என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், பரப்பளவுப் பாடத்துக்காக ஒரு கயிற்றைக் கொடுத்தேன். அதை நான் மறந்தே போனேன். அந்தக் கயிறு ஒன்றுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையையேனும் காத்துத் தந்தது.

வெள்ளைக் கற்களோ ரிப்பன் மாளிகையில் இருந்தன. சுண்ணாம்புச் சுவருக்கு அவையே வேண்டும். பையன் தயங்குவான் என்று எண்ணினேன். அவன் தயங்கவில்லை. "அளவெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம்" என்று சொல்லி மாளிகையைக் கலைத்தான். சிற்றில் சிதைந்தது, வருத்தம் எவருக்கும் இல்லை. ஐம்பதில் ஒரு பங்காக, 18 குமிழ் நீளமும் 12 குமிழ் அகலமுமாக அந்த வகுப்பறை இப்போது என் வீட்டுக் கூடத்தில் நிற்கின்றது. வடக்கே மூன்று சாளரங்கள் உண்டு. ஏனைய சுவர்களைச் சாளரமின்றியே விட்டிருக்கின்றோம். அறியாததைக் கட்டலாகாது என்பது பையனின் முடிவு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த பெட்டி வேண்டா. தீப்பெட்டியும் அட்டையும் களிமண்ணும் போதும். உங்கள் ஊரில் ஒரு பழைய சாவடி இருக்கலாம், கல்மண்டபம் இருக்கலாம், ஓட்டுக் கட்டடப் பள்ளி இருக்கலாம். பிள்ளைகளின் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து அதை அளக்கச் சொல்லுங்கள். சாளரங்களை எண்ணச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பள்ளியில் பத்திரமாக வையுங்கள். பிறகு அதைச் சிறிதாகக் கட்டட்டும். எந்தக் கட்டடம் எந்த நாளில் மறையும் என்று நாம் அறியோம். அளந்து வைத்தது எதுவோ, அதையே மறுபடியும் கட்ட முடியும்.