கமகம் அறியும் இசைப்பலகை



ஆர்மோனியத்தின் கட்டை ஒன்றை அழுத்தினால் ஒரு சுரம் பிறக்கிறது. விரலை எடுத்தால் அது மறைகிறது. பிறப்புக்கும் மறைவுக்கும் இடையிலே அந்தச் சுரத்தை அசைக்கவோ, வளைக்கவோ, அயற்சுரத்தோடு இழைக்கவோ வாசிப்பவருக்கு வழி இல்லை. துருத்தியை இயக்கும் கை ஒலியைச் சிறிது பெருக்கலாம், சிறிது சுருக்கலாம், அவ்வளவுதான். 1842ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற இக்கருவி, எம்மவருடைய பாடசாலைகளிலும் இசைநாடக மேடைகளிலும் வீட்டுப் பிள்ளையைப் போலவே வளர்ந்தது. அதே கருவியை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டிலே தன் நிலையங்களுக்குள் வரவிடாது தடுத்ததும் வரலாறு. தடைக்குக் காட்டப்பட்ட காரணங்கள் பல. அவற்றுள் எமது இசைக்கு நேரே பொருந்துவது, கமகத்தை அக்கருவி அறியாது என்பதே.

ஆர்மோனியத்தின் இடத்தை இன்று மின்னியல் விசைப்பலகை பிடித்துக்கொண்டது. ஓசையோ நூறு வகை. குறை மாத்திரம் பழைய குறையே. தோடி இராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் அசையாது நிற்கும் சுரம் அன்று. ரிஷபத்தின் பக்கமாக இறங்கியும் மத்திமத்தின் பக்கமாக ஏறியும் ஊசலாடுகின்ற அந்த அசைவுதான் தோடியின் காந்தாரம். வீணையிலே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதனைப் பெறுவர். வயலினிலே விரலை வழுக்கிப் பெறுவர். விசைப்பலகையில் ரி, க, ம என்று மூன்று கட்டைகளை விரைந்து தட்டினால் மூன்று சுரங்கள் கேட்குமேயன்றித் தோடி கேளாது. பலகையின் இடப்பக்கத்தில் சுருதியை வளைக்கும் சில்லு ஒன்று உண்டு. அதனை உருட்டி, அரும்பாடுபட்டுக் கமகம் வாசிப்போரும் உளர். ஆயின் அதற்கு ஒரு கையை முழுமையாக ஒப்புக்கொடுத்துவிட வேண்டும்.

எமது பாடசாலையில் ஒன்பதாம் தரத்திலே ஒரு மாணவி படிக்கிறாள். நல்ல குரல், சுருதி பிசகாது பாடுவாள். சிறு வயதில் நேர்ந்த காயத்தினால் அவளுடைய இடக்கை விரல்கள் மடங்கமாட்டா. வயலின் வகுப்பு நடக்கும்போது யன்னலோரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வயலினுக்கும் சரி, வீணைக்கும் சரி, இடக்கையே கமகக் கை என்பதை நேயர்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டிலே, வெளிநாட்டில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர் புதுவகை இசைப்பலகை ஒன்றை அனுப்பிவைத்தபோது, அதனை யாருக்காக ஒழுங்கு செய்வது என்று நானும் சங்கீத ஆசிரியையும் நெடுநேரம் ஆலோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் கலைப் பட்டதாரி. மின்னியல் எனக்குத் தூரத்து உறவு. ஆயினும் கையேட்டையும் காதையும் துணைகொண்டு அக்கருவியைக் கணினியோடு இணைத்து இசைக்குப் பழக்கிய விதத்தைச் சொன்னால், வேறு பாடசாலைகளிலும் வீடுகளிலும் இருப்போருக்குப் பயன்படலாம்.

அப்பலகையின் பெயர் லின்ஸ்ட்ருமென்ற். ஆக்கியவர் றொஜர் லின் என்னும் அமெரிக்கர். வெளிவந்த ஆண்டு 2014. எட்டு வரிசைகள், வரிசைக்கு இருபத்தைந்து கட்டங்கள், ஆக 200 கட்டங்கள். ஒரே வரிசையில் அடுத்த கட்டம் ஓர் அரைச்சுரம் உயர்ந்தது. மேல் வரிசையில் நேரே உள்ள கட்டம் ஐந்து அரைச்சுரம் உயர்ந்தது, அதாவது சட்சத்துக்கு நேர்மேலே சுத்த மத்திமம். கட்டத்துக்குக் கட்டம் சுவர் இல்லாமையால் விரல் வழுக்கிச் செல்லலாம். விரல் எவ்வளவு அழுத்துகிறது, இடவலமாக எங்கே நகர்கிறது, முன்பின்னாக எங்கே நகர்கிறது என்னும் மூன்றையும் பலகை இடையறாது அளந்துகொண்டிருக்கும். இலண்டனில் உருவான சீபோர்ட், இலினோய் மாநிலத்து லிப்போல்ட் ஹாக்கென் ஆக்கிய கொன்ரினூம் ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இங்கு ஒரு வேடிக்கை உண்டு. 1980ஆம் ஆண்டில், உண்மையான மேளங்களின் அடிகளைப் பதிவுசெய்து ஒரு பெட்டிக்குள் அடைத்து, விசையைத் தட்டினால் ஒலிக்கும்படி செய்தவரும் இதே றொஜர் லின்தான். மேளக்காரரின் கையைப் பெட்டிக்குள் அடைத்தவரே, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வாசிப்பவரின் விரலுக்கு விடுதலை தேடினார்.

இப்பலகை தானாக ஒலி எழுப்பாது. செய்திகளை அனுப்புவதே அதன் தொழில். அச்செய்திகளின் மொழிக்கு மிடி என்று பெயர். வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொருட்டு 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பொதுமொழி அது. யப்பானியராகிய இக்குத்தாரோ ககேஹாஷியும் அமெரிக்கராகிய டேவ் சிமித்தும் அதன் பிறப்புக்கு முன்னின்றவர்கள். இம்மொழியில் பதினாறு வழிகள் உண்டு. அழுத்தம் முதலிய பெரும்பாலானவற்றை 0 முதல் 127 வரையான எண்களால் சொல்லும். சுருதி வளைவை மாத்திரம் 16,384 படிகளாக நுணுக்கிச் சொல்லும். கமகத்துக்கு இந்த நுணுக்கம் இன்றியமையாதது. ஆயினும் ஒரு வழியிலே வளைவுச் செய்தி சென்றால் அவ்வழியில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் ஒருசேர வளையும். மேல்நாட்டார் பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பவர் ஆதலின் இஃது அவர்களுக்குப் பெருந்தடையாயிற்று. விரலுக்கு ஒரு வழியென ஒதுக்கும் எம்.பி.ஈ. என்னும் ஏற்பாடு 2018ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அதனாலேயே.

இனி, ஒலி எங்கிருந்து வருகிறது? கணினிக்குள் இருக்கும் மென்கருவியிலிருந்து. கணக்கினாலே நாதத்தைப் பிறப்பிக்கும் மென்கருவிகளும் உள. நாங்கள் எடுத்துக்கொண்டது மாதிரிப்பதிவு வகை. தேர்ந்த வயலின் கலைஞர் ஒருவரை இருத்தி, ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாகவும் இடைநிலையாகவும் வன்மையாகவும் வாசிப்பித்து, ஒரே சுரத்தையே பல முறை வாசிப்பித்துப் பதிவுசெய்து வைத்திருப்பர். நாற்பது சுரங்கள், நான்கு வன்மைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மாற்றுப் பதிவுகள், பதிவுக்கு எட்டுச் செக்கன் என்று வைத்துக்கொண்டால், ஐயாயிரம் செக்கன்களுக்கு மேலாகிறது. ஒலித்தட்டின் தரத்தில் அதற்கு ஏறத்தாழ 900 மெகாபைற் இடம் வேண்டும். கணினி சற்று வலியதாக இருக்கவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இவ்விடத்திலேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பதிவுக்குள்ளே உயிர் இருக்கிறது. ஆனால் அது வேறொருவருடைய உயிர். அவர் விரல் அசைத்த அசைவு, அவர் வில் அழுத்திய அழுத்தம் எல்லாம் அதனுள் உறைந்து கிடக்கின்றன. எமது மாணவியின் விரல் மேலும் ஓர் அசைவைக் கொடுத்தால் இரண்டு அசைவுகளும் ஒன்றோடொன்று சண்டையிடும். சுருதியை வளைத்தல் என்பது, பெரும்பாலான மென்கருவிகளில், பதிவை விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டுதல்தான். ஓர் அரைச்சுரம் உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு விரைவு கூடும். ஒரு ஸ்தாயி உயர்த்தினால் விரைவு இருமடங்காகி, செக்கனுக்கு ஆறு முறை அசைந்த அசைவு பன்னிரண்டு முறை அசையும். வயலின் அழுவது போல இராது, நடுங்குவது போல இருக்கும். ஆகவே மென்கருவியில் பல வாசிப்பு முறைகள் தரப்பட்டிருக்குமாயின், அசைவே இல்லாத நேர் ஒலியைத் தெரிவு செய்யுங்கள். தனியே கேட்டால் அது வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமைதான் எமக்கு வேண்டியது. கமகத்தை இடப்போவது நாம் அல்லவா?

ஒழுங்குகளுக்கு வருவோம். பலகையை யூ.எஸ்.பி. கம்பியினால் கணினியோடு பொருத்தினால் போதும். தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. தாமதம் பற்றியே முதலிற் கவனிக்க வேண்டும். கணினி ஒலியைச் சிறு பொதிகளாக்கி வெளியிடும். செக்கனுக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில், பொதிக்கு 1,024 மாதிரி என்று வைத்தால், விரல் பட்டபின் ஒலி வெளிவர 23 மில்லிசெக்கன் ஆகும். இது சொற்ப நேரம் என்று எண்ணாதீர்கள். காற்றிலே ஒலி அந்நேரத்தில் எட்டு மீற்றர் தூரம் செல்லும். வயலினைக் கையில் வைத்துக்கொண்டு அதன் நாதத்தை எட்டு மீற்றருக்கு அப்பாலிருந்து கேட்பதற்கு அது சமம். பொதியை 256ஆகக் குறைத்தால் தாமதம் ஆறு மில்லிசெக்கனாகிறது. அதற்கும் கீழே சென்றால் சில கணினிகளில் ஒலி பொரியத் தொடங்கும். பொரியாத எல்லையில் நிறுத்திக்கொள்க. கம்பியில்லா ஒலிபெருக்கிகள் தம் பங்குக்கும் தாமதத்தைச் சேர்க்கும் ஆதலின் கம்பியுள்ளதையே கொள்ளுங்கள்.

அடுத்து வழி. மேற்கூறிய எம்.பி.ஈ. ஏற்பாட்டை எல்லா மாதிரிப்பதிவுக் கருவிகளும் விளங்கிக்கொள்வதில்லை. மேல்நாட்டார் ஒரே கருவியைப் பல படிகளாகத் திறந்து, படிக்கு ஒரு வழி கொடுத்துச் சமாளிப்பர். எமக்கு அந்தத் தொல்லையே இல்லை. எமது இசை ஒற்றை இழையாக ஓடுவது. ஒரு வேளைக்கு ஒரு சுரம். பலகையை ஒரே வழியில் அனுப்புமாறு வைத்துவிட்டால் மிகப் பழைய மென்கருவியும் கீழ்ப்படியும். விலை குறைந்த மென்கருவியே போதுமாகிறது என்பது பாடசாலைக்காரருக்குச் சிறிய செய்தி அன்று.

வளைவின் எல்லை, எல்லாவற்றிலும் முக்கியமானது. பலகையிலும் மென்கருவியிலும் இந்த எண் ஒன்றாகவே இருக்கவேண்டும். எம்.பி.ஈ. முறையில் விரல் வழிகளுக்கு இயல்பாக அமைவது 48 அரைச்சுரம். பழைய மென்கருவிகளிலோ பெரும்பாலும் 2. இந்நிலையில் விரல் ஒரு ஸ்தாயி முழுவதும் வழுக்கினாலும் காதில் கேட்கும் அசைவு அரைச்சுரத்திற் பாதியே. எண்கள் மறுதலையாக இருந்தாலோ, விரல் ஓர் அரைச்சுரம் அசைய ஒலி இரண்டு ஸ்தாயிகளைத் தாவிப் பாயும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எழுந்து ஓடிவருவர். நாங்கள் இரு பக்கமும் 12இல் நிறுத்தினோம். அதனால் ஓர் அரைச்சுரத்துக்கு 682 படிகள் கிடைக்கின்றன. தோடிக்கு அது தாராளம்.

அழுத்தத்தை மிடி மொழியின் 11ஆம் எண்ணில் அனுப்புமாறு பலகையில் ஒழுங்கு உண்டு. அவ்வெண் பல மென்கருவிகளில் ஒலியளவை மாத்திரம் கூட்டிக் குறைக்கும். வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகுவது போன்றதே அது. வில்லின் விசை மாறும்போது நாதத்தின் நிறமே மாறுவதை அதனாற் காட்ட இயலாது. மென்மைப் பதிவிலிருந்து வன்மைப் பதிவுக்குப் படிப்படியாக மாற்றும் வேலை பெரும்பாலும் 1ஆம் எண்ணுக்குரியது. மென்கருவியின் உள்ளே சென்று அந்த வேலையையும் விரலழுத்தத்துக்கே ஒப்படைத்தோம். அதற்குப் பின்னரே வயலின், வயலினாக ஒலித்தது.

இன்னொன்று. விரல் சற்று விலகிப் பட்டாலும் சுரத்தைச் சரியான இடத்தில் தொடக்கிவிடும் ஒழுங்கு ஒன்று பலகையில் இருக்கிறது, அதனை வைத்துக்கொள்ளலாம். விரல் ஓரிடத்தில் தங்கும்போதெல்லாம் சுருதியைக் கட்டத்தின் நடுவுக்கு இழுத்துத் திருத்தும் ஒழுங்கும் இருக்கிறது, அதனை நிறுத்திவிடுங்கள். எமது இராகங்களில் சில சுரங்கள் பியானோவின் கட்டைக்கு அடங்காத இடத்திலே தங்குபவை. அவற்றை அது பிழை என்று கருதித் திருத்திவிடும்.

இவ்வளவும் முடிந்தபின் அம்மாணவியை அழைத்து, வலக்கை நடுவிரல் ஒன்றினால் காந்தாரத்தை அசைக்கச் சொன்னோம். முதல் வாரம் அசைவு அகன்று போயிற்று. இரண்டாம் வாரம் அடங்கிற்று. “என்ர கை சொல்லுறதை இது கேக்குது, ரீச்சர்” என்றாள்.

சங்கீத ஆசிரியைக்கு மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் இருந்தது. பெட்டி ஒன்று வந்துவிட்டது, இனி வயலின் ஆசிரியர் எதற்கு என்று யாரேனும் சொல்லத் தலைப்படுவார்களோ என்பதே அது. அவ்வையம் நியாயமானது. ஆர்மோனியம் வந்த வேகத்தில் எத்தனை பாடசாலைகளில் தம்புரா மூலைக்குப் போயிற்று என்பதை நான் கண்டவன். வயலினில் சுரத்தின் இடத்தைக் காதுதான் தேடிப் பிடிக்கிறது. இப்பலகையிலோ கட்டங்கள் ஒளிவிட்டு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ஆதலால் வயலின் கற்கும் பிள்ளை எவரையும் பலகைக்கு மாற்றுவதில்லை என்று அதிபர் என்ற முறையில் எழுத்திலேயே வைத்துவிட்டேன். வயலின் பிடிக்க இயலாத கைக்கே பலகை உரியது. அம்மாணவியும் ஒளியை அணைத்துவிட்டே பயில்கிறாள். அது ஆசிரியையின் கட்டளை.

தீராத குறை ஒன்று இருக்கிறது. கீழ்ச் சட்சத்திலிருந்து மேற்சட்சம் வரை ஒரே இழுப்பாகச் செல்லும்போது, பதிவு விரைந்தோடுவதால் வயலினின் உடலே சுருங்கி, பொம்மை வயலின் போல ஒலிக்கிறது. மூன்று நான்கு அரைச்சுரம் வரை காது பொறுக்கிறது, அப்பால் பொறுப்பதில்லை. ஆகவே நீண்ட இழுப்பு வரும் சங்கதிகளில் பலகை நடுவிலே நின்றுவிட, மிகுதியை அவளே பாடி முடிக்குமாறு ஆசிரியை அமைத்திருக்கிறார். வாணி விழாவுக்கு அந்த ஒத்திகைதான் இப்போது மாலைதோறும் நடக்கிறது.