எம்.ஆர்.ஐ. பரிசோதனை: அச்சமும் அறிவும்



எம்.ஆர்.ஐ. என்றதும் நம்மில் பலர், "கதிர் உடம்புக்கு ஆகாது" என்று தேதியைத் தள்ளிப்போடுகிறோம். இக்கருவியில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. நம் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தம் ஒழுங்குபடுத்துகிறது. வானொலி அலை அவற்றை அசைக்கிறது. அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சமிக்ஞையைக் கணினி படமாக்குகிறது.

1977-இல் அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியன் குழுவினர் ஒரு மனிதரின் மார்பைப் படமெடுக்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆயிற்று. இன்று பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மூளை, தண்டுவடம், மூட்டுச் சவ்வு ஆகியவற்றின் கோளாறுகளை இது தெளிவாகக் காட்டும். சிகிச்சைக்குப் பின் கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்பதையும் காட்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். ஆகவே பழைய படங்களைப் பத்திரப்படுத்துவோம்.

நாம் கவனமாக இருக்க வேண்டியது காந்தத்திடம்தான். படமெடுக்காத நேரத்திலும் அதன் இழுப்பு ஓய்வதில்லை. முக்காட்டு ஊசி, தாயத்துக் கூடு, காதுக் கருவி எல்லாவற்றையும் வெளியே கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப் இருந்தால் முன்னரே சொல்ல வேண்டும். கப்பல் பட்டறையில் இரும்பு தேய்த்தவர்கள் நம்மில் உண்டு. "கண்ணில் தூசி விழுந்தது நாற்பது வருடக் கதை" என்று சொல்லாமல் விடுகிறோம். உள்ளே தங்கிய இரும்புத் துகள் நகர்ந்தால் பார்வையே போகலாம்.

கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்வோம். மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் போவோம்.