முகிலுக்குள் பறக்க அமெரிக்கா கேட்பவை



பிறநாட்டில் விமானமோட்டப் பழகிப் பத்திரம் பெற்ற ஒருவர் அமெரிக்காவிலே முகிலுக்குள் பறக்க விரும்பினால் என்ன வேண்டும்? இதுவே நாம் இன்று பேச எடுத்த விடயம். எம்மிடமிருந்து செல்வோருக்கும் விதி இதுதான்.

வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மாத்திரம் பார்த்து ஓட்டுவதே கருவிப் பறப்பு. 1929 செப்ரெம்பர் 24இல் ஜிம்மி டூலிற்றில் என்பவர் நியூயோர்க்கிலே, மூடிய விமானியறைக்குள் இருந்தபடியே விமானத்தை மேலெழுப்பி இறக்கிக் காட்டினார். இதற்கெனத் தனித் தகுதி பெறவேண்டும்.

சொந்த நாட்டிலேயே அத்தகுதியைப் பெற்றவருக்கு வழி குறுகியது. ஒக்லகோமா நகரிலுள்ள அலுவலகம் அவருடைய பத்திரம் மெய்யானதுதானா என்று அவர் நாட்டு அதிகாரிகளிடம் விசாரிக்கும். பின்பு பிறநாட்டு விமானிகளுக்கென்றே அமைந்த எழுத்துப் பரீட்சையில் 100க்கு 70 பெற்றுச் சித்தியெய்த வேண்டும். ஆங்கிலத்தை வாசிக்க, எழுத, பேச, விளங்கத் தெரியவேண்டும். பறந்து காட்டும் பரீட்சை கிடையாது. ஆனால் இப்பத்திரம் நிழல் போன்றது. தாய்ப்பத்திரம் செல்லாதாயின் இதுவும் செல்லாது. இதைக்கொண்டு கூலிக்குப் பறக்கவும் இயலாது.

தகுதி இல்லாதவரோ முதலிலிருந்து பயிலவேண்டும். 2001இன் தாக்குதல்களுக்குப் பின்னர், பிறநாட்டவர் இப்பயிற்சியைத் தொடங்குமுன் பாதுகாப்புத் துறையின் அனுமதி பெறவேண்டியதாயிற்று. பொதுவிதிப்படி, முகிலுக்குள்ளோ கண்மறைப்பு அணிந்தோ 40 மணி நேரம் கருவிகளைக் கொண்டே பறக்கவேண்டும். அதில் 15 மணி நேரம் போதனாசிரியரோடு. விமானத் தலைவராக ஊர்விட்டு ஊர் பறந்தது 50 மணி நேரம். எழுத்துப் பரீட்சையும் பறப்புப் பரீட்சையும் வேறு.

இத்தனை கெடுபிடி ஏன் என்பீர்கள். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தார், இப்பயிற்சி இல்லாத 20 பேரை முகிலுக்குள் பறப்பதுபோன்ற நிலையில் ஓட்டவைத்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரி 178 விநாடி. மூன்று நிமிடமும் இல்லை! விமானம் நெடுநேரம் ஒரே சீராய் வளைந்தால் உட்செவியின் நீர் அமைந்துவிடும். நேரே போவதாகவே உடம்பு நம்பும். அவ்வேளையில் உடம்பை நம்பாது கருவியை நம்பப் பழகவேண்டும். அப்பழக்கத்தைப் பத்திரம் கொடுக்காது.

ஆகையால் குறுகிய வழியிற் செல்பவரும் அந்நாட்டுப் போதனாசிரியர் ஒருவரோடு சில மணி நேரம் பறந்த பின்பே தனியே முகிலுக்குள் நுழையட்டும் என்போம். அங்கே றேடியோவிற் பேசும் வேகம் எங்கள் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்குச் சட்டென்று பிடிபடாது. பணம் அனுப்பும் பெற்றோரே, பாதுகாப்பு அனுமதி கிடைத்துவிட்டதா என்று முதலிற் கேளுங்கள்.