நித்தியகல்யாணியும் நுண்ணுயிரும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராவதைத் தாங்கள் அறிவீர்கள். ஆடு மாடு தீண்டாத அச்செடியின் இலையிலிருந்தே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேற்பட்ட உலர்ந்த இலை வேண்டும். இலை வரத்துக் குறையுமாயின் மருந்தும் அரிதாகும், அல்லற்படுவோர் நோயாளிகளே.

இக்குறையை நீக்க விஞ்ஞானிகள் வேறொரு வழி கண்டிருக்கின்றனர். செடி தனக்குள் மருந்துப் பொருளை ஆக்குவது நொதிகளின் துணையால். அந்நொதிகளை உண்டாக்கும் கட்டளை மரபணுக்களில் உள்ளது. அவற்றைப் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ அமைத்துவிட்டால், அந்நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு அதே பொருளை ஆக்கித் தரும். தோசை மாவைப் புளிக்கச் செய்வதும் நுண்ணுயிர்களே என்பதை நினைவிற் கொண்டால் இது விளங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர், மலேரியா மருந்தாகிய ஆர்டிமிசினினுக்குரிய முற்பொருளை 2003-இல் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் ஆக்கிக் காட்டினர். பின்னர் ஈஸ்டைக் கொண்டு 2013-இல் லிட்டருக்கு 25 கிராம் ஆர்டிமிசினிக் அமிலம் பெறப்பட்டது. 2022-இல் கீஸ்லிங்கும் டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரு பொருள்களையும் ஈஸ்டில் ஆக்கினர். அதற்குத் தாவர மரபணுக்கள் 34 தேவைப்பட்டன. எனினும் அன்று கிடைத்த அளவு, பொருள் ஒன்றுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூட இல்லை.

அவ்வாறாயின் நம் பயிருக்கு ஆபத்து உண்டா? முன் நடந்தவை இரண்டைக் கருதுவோம். 1897-இல் ஜெர்மானியரின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் இந்தியாவின் அவுரிச் சாகுபடி சுருங்கிப் போயிற்று. ஆர்டிமிசினினிலோ முடிவு வேறு. தொழிற்சாலைச் சரக்கின் விலை கிலோவுக்கு 350 டாலருக்குக் குறையவில்லை. செடியிலிருந்து எடுத்த சரக்கு 250 டாலருக்கும் கீழே இறங்கிற்று. ஈஸ்ட் முறையைக் கைக்கொண்ட இத்தாலியத் தொழிற்சாலை 2015-இல் ஒரு கிலோவும் உற்பத்தி செய்யவில்லை. செடி வென்றது உண்மையே. ஆனால் விலை வீழ்ந்ததனால் பெற்ற வெற்றி அது. உழவனுக்கு அதில் மகிழ இடம் ஏது?

ஆகவே முடிவு செய்வது ஆய்வுக்கூடம் மட்டுமன்று, விலையும் ஆகும். உயிர் காக்கும் மருந்து மலிவாகவும் தட்டின்றியும் கிடைப்பது நன்றே. அதனை நாம் வெறுத்தல் தகாது. நாம் செய்யத்தக்கவை சில உண்டு. விலையை எழுத்தில் பெற்ற பின்னரே மூலிகை விதையுங்கள். நிலம் முழுவதையும் அதற்கே ஒதுக்காதீர்கள். சோளமும் பயறும் உடன் இருக்கட்டும். மண்ணும் தூசியும் கலவாமல் இலையைக் காயவைத்துத் தரம் பேணுங்கள். தனித்து விற்பதைவிடக் குழுவாகச் சேர்ந்து விற்றால் பேரம் பேச வலுவுண்டு.

கிராம சபையில் இதனை எடுத்துரைப்பது உறுப்பினர்களின் கடமை. மாற்றம் வந்து சேருமுன் அதனை அறிந்திருக்கும் ஊர், நட்டத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும்.