நந்தினி கேட்கும் கேள்வி

மாசி மாதத்தில் ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே காமன் கூத்து நடைபெறுவது வழக்கம். தேவர்களின் வேண்டுகோளை ஏற்றுச் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன், நெற்றிக்கண் நெருப்பில் வெந்து சாம்பலாகிறான். தவத்தைக் கலைத்தது குற்றமே. ஆயினும், இரதி புலம்பத் தொடங்கியதும், பனியிலே கம்பளி போர்த்து அமர்ந்திருப்போர் கண்ணீர் சிந்துவது எரிந்து போனவனுக்காகவே. பிழை செய்தவனுக்கும் ஒரு துயரம் உண்டு என்பதை மலையக மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இத்தகைய கூத்தைக் கண்டு வளர்ந்த இளைஞன் ஒருவன், லயத்து அறையின் விளக்கொளியிலே கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் திறந்தால், அவன் மனத்தை முதலிற் கவர்பவன் வந்தியத்தேவனாகவே இருப்பான். வால் நட்சத்திரம், சுரங்க வழி, சதிக்கூட்டம், கடற்பயணம், ஈழத்துக் காடு என்று விந்தைகளுக்கு அங்கே குறைவில்லை. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்த அக்கதை ஐந்து பாகங்கள் கொண்டது. ஆனால், நூலை மூடிய பின்னரும் அவன் நினைவை விட்டு அகலாதவள் ஒருத்தி உண்டு. அவளே பழுவூர் இளையராணி நந்தினி.

நந்தினி சோழ குலத்தை அழிக்கச் சூளுரைத்தவள். அதன் பொருட்டே முதியவரான பெரிய பழுவேட்டரையரை மணந்து, அவருடைய அன்பையே கருவியாக்கிக் கொண்டவள். இவ்வளவும் குற்றம். ஆனால், கல்கி அவளுடைய பழைய நாட்களையும் திறந்து காட்டுகிறார். பாண்டி நாட்டுப் பட்டர் வீட்டிலே வளர்ந்த பெண் அவள். பெற்றோர் இன்னார் என்று அறியாதவள். இளவரசன் ஆதித்த கரிகாலன் அவள்மீது அன்பு கொண்டபோது, அவள் பிறப்பே தடையாக நின்றது. பின்னர், காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக அவள் மன்றாடினாள். கரிகாலனோ வெறியில் அவன் தலையைக் கொய்தான். அன்று பிறந்ததே அவளது வஞ்சினம். மீன் இலச்சினை பொறித்த வாளைப் போற்றிக் காக்கும் அதே நந்தினிதான், பனை இலச்சினை மோதிரத்தைக் கொடுத்து வந்தியத்தேவனுக்கு வழியும் திறந்து விடுகிறாள்.

வரலாற்றில் நந்தினி இல்லை. அவள் கல்கியின் கற்பனை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்தம் உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அவர்கள் ஏன் அவ்வாறு செய்தார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அந்த ‘ஏன்’ என்னும் வினாவுக்கே கல்கி ஒரு பெண்ணுருவம் கொடுத்தார்.

தீயவரிடம் இரக்கம் கொள்ளச் செய்யும் கதைகள் இளைஞரைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெரியோர் உளர். அந்த அச்சத்துக்கு நூலே விடை தருகிறது. நந்தினியின் துயரத்தை உணர்ந்த வாசகன், கடம்பூர் மாளிகையில் கரிகாலன் மாண்டு கிடக்கும்போது மகிழ்வதில்லை. ஏமாற்றப்பட்ட பழுவேட்டரையரின் வேதனையைக் கண்டு அவன் உள்ளம் கலங்கவே செய்கிறது. காரணத்தை அறிவது வேறு. குற்றத்தை மன்னிப்பது வேறு. இரண்டையும் பிரித்தறியும் பயிற்சியை இளமையிலே தருவதுதான் இத்தகைய கதையின் பயன்.

மலையகத்து வாசகனுக்கு இதில் மற்றுமொரு பொருளும் உண்டு. “நீ யார் மகள்?” என்ற கேள்வி நந்தினியை வாழ்நாள் முழுதும் துரத்தியது. அதை ஒத்த கேள்வியையே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய முன்னோரிடம் கேட்டது. இந்நாட்டிற் பிறந்த ஒருவரும், தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என்று நிறுவ வேண்டியிருந்தது. கொழுந்து பறித்த கைகளிலே அதற்குரிய கடதாசி இருக்கவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் நாடற்றவர் ஆயின.

இங்கேதான் வழிகள் பிரிகின்றன. நந்தினி வாளை நம்பினாள். மலையக மக்களோ தொழிற்சங்கத்தை நம்பினர், மனுச் செய்தனர், 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுட் பெருந்தொகையினரைக் கடல் கடத்தியது. எஞ்சியோர்க்கான உரிமைச் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பொறுமை அது.

பிறப்பைக் காட்டி ஒருவரை வாசலிலே நிறுத்தும்போது, வெளியே நிற்பவர் உள்ளத்தில் என்ன விளைகிறது? இதுவே நந்தினி கேட்கும் கேள்வி. அவள் தேடிய விடை தவறானது. கேள்வி தவறானதன்று. அதைக் கேட்கக் கற்ற இளைஞன், நாளை தானே ஒரு வாசலில் அதிகாரத்தோடு நிற்க நேர்ந்தால், எதிரே வருபவரின் கதையைக் கேளாமல் கதவை அடைக்கமாட்டான்.