பாதிக் குழந்தை யாருக்கு?



கிபயோனில் கனவில் தோன்றிய ஆண்டவரிடம் இளம் அரசர் சாலமோன் நீண்ட ஆயுளையோ, செல்வத்தையோ, எதிரிகளின் உயிரையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்க ஞானம் நிறைந்த உள்ளத்தைக் கேட்டார். அடுத்து வருவது, ஒரே குழந்தைக்கு உரிமை கோரும் இரு பெண்களின் வழக்கு. வாளைக் கொண்டுவரச் சொல்கிறார் அரசர்.

வழக்கமாக நாம் உண்மைத் தாயைப் பற்றியே பேசுவோம். இன்று மற்றவளையும் சற்றுப் பார்ப்போம். அவள் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளது துயரம் பொய்யல்ல. ஆனால், குழந்தையை இரண்டாக வெட்டலாம் என்றதும் சம்மதிக்கிறாள். பாதிக் குழந்தையை வைத்து என்ன செய்வாள்? அடுத்தவள் மடியும் வெறுமையாக வேண்டும், அவ்வளவுதான்!

பொறாமையும் கட்சி மனப்பான்மையும் குழப்பத்தையே பெறும் என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பது இதைத்தான். நமக்கும் இது புதிதல்ல. பாடகர் குழுவை யார் நடத்துவது என்ற பூசலில், பாடலே இல்லாமல் திருப்பலி கண்ட ஞாயிறுகள் உண்டு. திருவிழாக் கணக்கை யார் பார்ப்பது என்ற சண்டையில் தேர் நகராமல் நின்றதும் உண்டு. எனக்கில்லையென்றால் அவனுக்கும் வேண்டாம் என்றோம். அங்கே வாளைக் கேட்டது அரசர் அல்ல, நாம்தான்.

உண்மைத் தாய் வழக்கில் தோற்கச் சம்மதித்தாள். முடிவு தெரிந்த நமக்கு அது எளிதாகத் தோன்றுகிறது. தீர்ப்பு தன் பக்கம் திரும்பும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரியாது. மற்றவள் மடியிலாவது பிள்ளை உயிரோடு இருக்கும் என்பது மட்டுமே தெரியும்.