ஏற்றத்தில் நிறுத்திய வண்டி
(தோட்டச் சாரதிகளுக்கும் கொழுந்து ஏற்றும் தொழிலாளர்களுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் சாரதி ஒருவர் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில், ஏற்றத்தில் வண்டியை நிறுத்துகிறோம். பின்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த நேரம் அவர்கள் உயிரைக் காப்பது ஹேண்ட் பிரேக். அதனால்தான் பழைய லேண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி இன்று பேசுகிறேன்.

மற்ற பல வாகனங்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களையே நேராகப் பிடிக்கும். 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவரிலிருந்து 2016இல் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டர் வரை அப்படியில்லை. கியர் பெட்டியோடு சேர்ந்து ட்ரான்ஸ்ஃபர் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் பொருந்தும் இடத்தில் ஒரு ட்ரம் உண்டு. ஹேண்ட் பிரேக் பிடிப்பது அந்த ஒரு ட்ரம்மைத்தான். ஆகவே பெட்டி சூடாவதும் பிரேக் பிடிக்காததும் பல நேரம் ஒரே நோய்.

எனக்கு நடந்ததைக் கேளுங்கள். பிரேக் தளர்ந்தது என்று கேபிளை மட்டும் இறுக்கித் தந்தார்கள். ஸ்டோருக்குப் போய் வந்தால் கருகல் வாடை. கால் வைக்கும் தகடு சுட்டது. ஒயில் குறைவு என்று ஒயில் ஊற்றினோம். கொஞ்ச நாளில் பிரேக் அறவே பிடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே சூ இரண்டும் ஒயிலில் ஊறிக் கிடந்தன. கேபிள் இறுகியதால் சூ எந்நேரமும் ட்ரம்மில் உரசியிருக்கிறது. அந்தச் சூட்டில் ஒயில் சீல் கெட்டு, ஒயில் ட்ரம்முக்குள் இறங்கிவிட்டது. பழி மட்டும் சாரதி மேல்: "ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஓட்டியிருக்கிறான்" என்றார்கள்.

அதனால் முறையாகப் பாருங்கள். வண்டி ஆறிய பின், சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஒயில் மட்டம் பாருங்கள். கியர் பெட்டிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் ஒயில் வேறு வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காற்றுப் போகும் துவாரம் சேற்றில் அடைத்திருந்தாலும் சீல் வழியாக ஒயில் கசியும். தார் ரோட்டில் நான்கு சக்கரப் பூட்டைப் போட்டபடி ஓட்டினாலும் பெட்டிக்குப் பாரம் ஏறும்.

பிரேக்கைச் சரிசெய்யும்போது முதலில் ட்ரம் பக்கத்து அட்ஜஸ்டர், பிறகுதான் கேபிள். லீவரை விட்டால் ட்ரம் உரசாமல் சுற்ற வேண்டும். ஒயில் குடித்த சூவைப் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள். சீலை மாற்றி, புது சூ போட வேண்டும். பழைய சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று உயிர் போகிற விஷயம். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கினால், தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். தரையில் உள்ள சக்கரத்தை ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கியரில் போட்டிருப்பதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். வண்டி ஜாக்கிலிருந்து உருண்டுவிடும். முதலில் கட்டை, பிறகு ஜாக். கட்டை வண்டியிலேயே இருக்கட்டும்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. நின்ற வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்காதீர்கள். கட்டை வைக்கவில்லையென்றால், "வைங்க தம்பி" என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக, பழுதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எனக்கு நடந்தபோது என் கையில் ஒரு துண்டுத் தாளும் இருக்கவில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது. பிரேக் பிடிக்காத வண்டியில் ஆள் ஏற்றச் சொன்னால் தனியாக நின்று வாதாடாதீர்கள், சங்கத்தைக் கூப்பிடுங்கள்.